ஒழுகிய ரேடியேட்டரை வீட்டு வாசலில் வைத்து மாற்றிய அனுபவம்

பழைய காரில் இன்ஜின் தண்ணீரைக் குளிர வைக்கிற ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்துவிட்டால், அதை அடைத்துப் பார்க்கச் செலவழிக்கிற காசு தண்டம். இதை முதல் வாரமே யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய் மிஞ்சியிருக்கும். அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அழைத்துப் போன செலவு தனி. கடைசியில் ஆள் யாரும் கிடைக்காமல் நானே மாற்றினேன். வேலை கடினமில்லை. ஆனால் நடுவில் வந்து மாட்டுகிற சில்லறைச் சிக்கல்கள்தான் ஆளைக் கொல்லும். அதை முன்கூட்டியே தெரிந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி 2004 மாடல் மாருதி 800. ஏசி உண்டு, கார்ப்ரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். விற்கப் போனால் 40,000 தேறுவதே கஷ்டம். ஆனால் திருவொற்றியூர் சந்துகளில் நுழைந்து திரும்ப இதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஆர்.சி. புதுப்பித்தும் அதிக நாள் ஆகவில்லை. அதனால் காயலான் கடைக்குத் தள்ள மனசு வரவில்லை.

தொந்தரவு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில்தான் ஆரம்பித்தது. கன்டெய்னர் லாரிகள் நின்றால் அந்தச் சாலையில் நம் வண்டியும் நிற்க வேண்டியதுதான். ஓடுகிற வண்டிக்கு முன்பக்கக் காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கிற வண்டிக்கு ஃபேன் ஒன்றுதான் கதி. தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தாலும் இந்த மாதிரி நெரிசலில்தான் காட்டிக்கொடுக்கும். காசிமேட்டைத் தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற ஊசி மேலே ஏறிவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்து, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டேன். சென்னை வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்கலாம். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரம் கட்டுகிற வரைக்கும் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஊசி மேலே போய்விட்டு, எதுவும் செய்யாமலேயே திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் முழுசாகப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அதனால் சூடு இல்லாத மாதிரி காட்டும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போனால் ரேடியேட்டர் விலையைப் போலப் பல மடங்கு கழன்றுவிடும். இன்னொன்று, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது குக்கர் மாதிரி அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்துக்கொண்டிருக்கும். மூடியை லேசாகத் திருப்பினாலும் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை, அதாவது ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் குழாயை, தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறின பிறகுதான் மூடியில் கைவைக்க வேண்டும். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையோரம் நின்றோம். அப்புறம் டோ வண்டிக்கு 1,800 ரூபாய்.

எங்கள் பக்கத்து மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "சின்ன ஒழுகல்தான் சார், பவுடர் போட்டா நின்னுடும்" என்றார். ஒழுகலை அடைக்கிற பவுடர் 280 ரூபாய். நின்றது, ஒரு வாரம். அடுத்து அவரே ஒரு ரேடியேட்டர் கடைக்கு அனுப்பினார். அங்கே கழற்றி, பசை வைத்து அடைத்து, 900 ரூபாய் வாங்கினார்கள். அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை. தெரு முனையில் ஒருவர் மஞ்சள் தூள் போடச் சொன்னார். எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டிய டிரைவர் ஏற்கெனவே அதைச் செய்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பசை ஏன் நிற்காது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்து இன்னும் பல வருஷம் ஓட்டலாம். என் வண்டியில் இருந்தது நடுவில் அலுமினியக் கோர், இரு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், இரண்டும் சேருகிற இடத்தில் ரப்பர் வைத்து விளிம்பை மடித்து இறுக்கியிருப்பார்கள். ஒழுகியது அந்த மடிப்பில். பிளாஸ்டிக் சூட்டில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், ரப்பரோ செத்துப்போயிருக்கும். அதன்மேல் என்ன பூசினாலும் அடுத்த கொதிப்பில் விட்டுவிடும்.

அலுமினியத்துக்கு இன்னொரு எதிரி எங்கள் ஊர்த் தண்ணீர். மீஞ்சூர் பக்கமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை. எங்கள் தெரு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரைத்தான் பல வருஷமாகக் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு உள்குழாயில் படியும். தண்ணீரோடு கலந்து ஊற்றுகிற கூலன்ட் நமக்கு எதற்கு, இங்கே பனியா பெய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பனிக்காக இல்லை, துருவைத் தடுக்கிற மருந்து அதில் இருக்கிறது, கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றும். நமக்கு வேண்டியது இவை இரண்டும்தான்.

மூன்றாவது தடவை ஒழுகியபோது மாற்றிவிடலாம் என்று முடிவுசெய்தேன். மெக்கானிக் 7,500 கேட்டார். சரி என்றேன். ஆனால் அவர் கையாள் ஊருக்குப் போயிருந்தான், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். ஒவ்வொரு தடவையும் ஸ்டான்லிக்குப் போய்வர ஆட்டோவுக்கு 500 ரூபாய் வரை போய்க்கொண்டிருந்தது. கோபம் வந்து, ஒரு சாக்கெட் செட்டை 900 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். இன்ஜினில் கைவைத்த அனுபவம் எனக்குக் கிடையாது. ஸ்பார்க் பிளக் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கைவைப்பதற்கு முன்னால் ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் கறை எந்த இடத்துக்கு நேராக விழுகிறது என்று தெரியும். பெல்ட் பக்கம் விழுந்தால் அது வாட்டர் பம்ப்பாக இருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் நுரை கட்டியிருந்தாலோ, ஆறின இன்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம். அப்போது புது ரேடியேட்டர் வாங்குவது வீண். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை, தப்பித்தேன். மடிப்பு ஓரத்தில் வெள்ளை உப்பு பொரிந்து நின்றதே சாட்சி.

முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும், விரல் அங்கே இருந்தால் கதை முடிந்தது. அடுத்து தண்ணீர் வடிப்பது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பிளக் இருபது வருஷப் பழசு, திருப்பினால் உடையும் என்று பார்த்தாலே தெரிந்தது. அதனால் அகலமான பேசினை வைத்து, கீழ் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி வடித்தேன். மூன்று லிட்டருக்கு மேல் பழுப்பாக வந்தது. ஹவுஸ் ஓனர் அம்மா மேலேயிருந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, அதை மூடி வையி, பூனை வந்து நக்கப் போவுது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் பூனை குடித்தால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். வடித்ததை உடனே பழைய கேனில் ஊற்றி மூடி, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கேட்டுக் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

பழைய ஹோஸை இழுத்து மல்லாட வேண்டாம். எப்படியும் புதுசு போடப் போகிறீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தால் தோல் மாதிரி வந்துவிடும். இழுத்தால் உடைவது இன்ஜின் பக்கத்துக் குழாயின் வாய், அது உடைந்தால் அழவேண்டியதுதான். ஃபேன் ஒயர் கனெக்டரின் பூட்டும் அப்படித்தான், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நாக்கை மெதுவாகத் தூக்கிவிட்டு இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

போல்ட்தான் என் பாதி நாளைத் தின்றது. எல்லாமே 10 எம்.எம். தலை. ஆனால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற வண்டியில் போல்ட் தலைக்கு ஆறு மூலை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கீழ்ப் பக்கத்துப் போல்ட் ஒன்று துருப் பொருக்காகவே இருந்தது, சாக்கெட் வழுக்கிச் சுற்றியது. முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் படுங்கள், காலையில் இன்னொரு தடவை. திருப்பும்போது ஒரே மூச்சில் கழற்றப் பார்க்காதீர்கள். கால் திருப்பு தளர்த்தி, திரும்ப அரைக்கால் இறுக்கி, மறுபடி தளர்த்தி வர வேண்டும், துரு பொடியாகி வெளியே வரும். இவ்வளவு செய்தும் ஒன்று முறிந்தது. டக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, மரை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடித்துப் பிடிக்கும் லாக்கிங் பிளையரால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தேன். கை முட்டி இரண்டு இடத்தில் உரிந்தது. சாயங்காலக் கொசு வேறு. அந்த நேரத்தில் 7,500 ரூபாய் ரொம்ப நியாயமான கூலியாகத் தோன்றியது.

கிரில்லை எடுத்துவிட்டு ஃபேனோடு சேர்த்தே ரேடியேட்டரை மேலே தூக்கினேன். ஏசி வண்டியில் அதற்கு முன்னால் ஏசி கேஸைக் குளிர வைக்கிற கண்டன்சர் நிற்கும். அதன் குழாய்களை வளைக்கவோ இளக்கவோ கூடாது, கேஸ் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தபோது வண்டி ஏன் சூடாகாமல் இருக்கும் என்று தோன்றியது. வேப்பிலைச் சருகு, பூச்சி இறக்கை, நிலக்கரித் தூசு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை விரலால் தொட்டேன், பழைய அப்பளமாகப் பொடிந்து கையோடு வந்தன. கண்டன்சரை மென்மையான பிரஷ்ஷாலும் மெதுவான தண்ணீராலும் கழுவினேன். வேகமாக பைப்பை அடித்தால் அதன் தகடும் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கார்ப்ரேட்டர் மாடல், எம்.பி.எஃப்.ஐ. மாடல், ஏசி உள்ளது, இல்லாதது என்று ஒரே காருக்கே பல வகை கிடைக்கும், படம் காட்டி வாங்கினால் மாறிவிடும். வண்டி நகராது, ஆகையால் மெட்ரோதான். தண்ணீரை முழுசாக வடித்து, வாய்களில் துணி அடைத்து, சிமென்ட் சாக்கில் சுற்றி, காலடிப்பேட்டையில் ஏறினேன். ஸ்கேனரில் போட்டதும் காவலர், "இன்னா சார் இது, ஏசியா?" என்றார். "ரேடியேட்டர்ணே, மாத்தப் போறேன்." சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத மாத்தலன்னாதான் ஆச்சரியம்" என்று விட்டுவிட்டார். எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கினால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு நடக்கிற தூரம். வரிசையாக உதிரிபாகக் கடைகள். பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. ஆனால் ரேடியேட்டரைப் பழசாக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் யாரோ உப்புத் தண்ணீர் ஊற்றினதாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் இரண்டையும் தரையில் நிமிர்த்தி வைத்து அளந்தார். குழாய் வாய் நிற்கிற இடம், ஃபேன் மாட்டுகிற துளை, மூடிக் கழுத்து, காதுகள் எல்லாம் சரிதானா என்று நீங்களும் பாருங்கள். தகடு எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 2,400 ரூபாய் ஆனது. அதோடு ஹோஸ் செட் 450, மூடி 120, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு) 380, கிளிப்புகள் 120, கூலன்ட் இரண்டு லிட்டர் 700, டிஸ்டில்ட் வாட்டர் 100. எல்லாம் சேர்த்து 4,270. ஹோஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் விட்டுவிடுவார்கள். புது ரேடியேட்டர் அழுத்தத்தைச் சரியாகப் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் அடுத்து வெடிக்கப் போவது பழைய ஹோஸ்தான். மூடியும் அப்படியே. அதன் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். 120 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட் என் வண்டியில் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேருகிற மூடிக்குள் இருந்தது. திறந்தால் உள்ளே மஞ்சள் சேறு. பழைய டிரைவரின் மஞ்சள் தூளும் என்னுடைய பவுடரும் சேர்ந்து வால்வைப் பாதி மூடியபடி உறைய வைத்திருந்தன. ஒழுகல் பவுடருக்கு எந்த ஓட்டை நல்லது, எது கெட்டது என்று தெரியாது. ஹீட்டர் குழாயையும் சேர்த்துத்தான் அடைக்கும். புது தெர்மோஸ்டாட்டைப் போடுமுன் சமையலுக்கு ஆகாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து நூல் கட்டித் தொங்கவிட்டேன். கொதி வருவதற்குள் வாய் திறக்க வேண்டும். திறந்தது. திறக்காததை மாட்டிவிட்டுத் தேடுவதைவிட இது மேல்.

மாட்டுகிற வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. வாய்களில் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பை எடுக்க மறக்க வேண்டாம். ஃபேன் துளை ஒன்று நூல் அளவு தள்ளியிருந்தது, அரம் வைத்து ராவினேன். அசல் கம்பெனிச் சரக்கு இல்லாவிட்டால் இதெல்லாம் சகஜம். போல்ட்டுகளுக்குப் புதுசு வாங்கி, மரையில் கிரீஸ் தடவி மாட்டினேன், அடுத்த தடவை கழற்றுகிறவன் என்னைத் திட்டக் கூடாது. நிரப்புவதற்கு முன்னால் இன்ஜினுக்குள் பைப் தண்ணீர் விட்டு, தெளிவாக வருகிற வரை கழுவி, கடைசிக் கழுவல் மட்டும் டிஸ்டில்ட் வாட்டரில். குடிக்கிற கேன் தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டர் ஆகாது. கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி. கூலன்ட்டை மட்டுமே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், சூட்டைக் கடத்துவதில் தண்ணீர்தான் கெட்டி.

இதோடு முடிந்தது என்று ஸ்டார்ட் செய்தேன். சிறிது நேரத்தில் ஊசி ஏறியது. ஃபேன் சுற்றவில்லை. மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. இவ்வளவும் செய்து இன்ஜினைக் கெடுத்துவிட்டேனா என்று கைகால் நடுங்கியது. அணைத்துவிட்டு நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது, உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. காற்றுக்குமிழி நின்றால் தண்ணீர் சுற்றாது. முழுசாக ஆறவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் மெதுவாக ஓடவிட்டேன். ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் களக் களக்கென்று குமிழி வரும், மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊற்ற வேண்டும். கீழ் ஹோஸ் சூடாகி, ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்கிறவரை இதைச் செய்ய வேண்டும். ஃபேன் விர்ரென்று கிளம்பியபோது நான் போட்ட சத்தத்தில் ஹவுஸ் ஓனர் அம்மா மறுபடி எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஆறின இன்ஜினில் மட்டம் ஒரு டம்ளர் குறைந்திருந்தது, ஊற்றினேன். முதல் வாரம் இது இயல்பு. புது ஹோஸ் சூட்டில் இளகி உட்காரும் என்பதால் கிளிப்புகளையும் ஒரு தடவை கூடுதலாக இறுக்க வேண்டும். ரொம்பவும் முறுக்கினால் பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும். அப்புறம் எண்ணூர் சாலையிலேயே, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், ஏசியைப் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். ஊசி பாதிக்குக் கீழேயே நின்றது. இப்போது டிக்கியில் கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டர் இருக்கிறது, போர் தண்ணீரை யார் கொண்டுவந்தாலும் கிட்டே விடுவதில்லை. பழைய ரேடியேட்டரைக் காயலான் கடையில் எடை போட்டு 160 ரூபாய் கொடுத்தார்கள்.